பதினாறு மணி நேர விரதமும் ஒரு கரண்டிப் பருப்பும்: எடை குறைந்து பலமும் போன ஒருவரின் நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் ஒரு சிறிய கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். 2024இல் என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கதையை அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. அதையும் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.

பின்னணி

வயது 46. பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. தைத்து வந்த துணியை மேசைமேல் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டித் தள்ள வேண்டும். நாள் முழுக்க நின்றபடியேதான். காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். ஆர்டர் இருக்கும் நாட்களில் இரவு எட்டரை வரை நீளும், அது ஒன்றரை ஷிப்ட். வாரத்தில் நான்கு நாட்களாவது அவருக்கு ஒன்றரை ஷிப்ட்தான். கூடுதல் கூலி அதில்தான் வருகிறது. வீட்டில் கணவர், மாமியார், பன்னிரண்டாம் வகுப்பு மகன், எட்டாம் வகுப்பு மகள்.

உயரம் 154 செ.மீ. தைப்பொங்கல் கழிந்து எடை பார்த்தபோது 74 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் 31. நம் ஊர் உடம்புக்கு 23ஐத் தாண்டினால் அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடற்பருமன் என்று வைத்திருக்கிறார்கள். முழங்கால் வலி இருந்தது. டிசம்பரில் எடுத்த எச்.பி.ஏ.1சி (மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 6.1. அதாவது சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது. எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். எப்படிக் குறைப்பது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை, சொல்ல மருத்துவருக்கு நேரமும் இருந்திருக்காது.

வழி கிடைத்தது கூட வேலை செய்யும் பெண் காட்டிய யூட்யூப் வீடியோவில். இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங், 16:8 முறை. பகல் 12 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். மீதி 16 மணி நேரமும் தண்ணீர், அல்லது பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி. ஜனவரிக் கடைசியில் தொடங்கினார். மே முதல் வாரத்தில் 65 கிலோவுக்கு வந்துவிட்டார்.

“பதினாலு வாரத்துல ஒம்பது கிலோங் மேடம். கம்பெனியில இப்ப எல்லாரும் எங்கிட்டதான் யோசனை கேக்கறாங்க” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். பெருமைப்பட வேண்டிய விஷயமும்தான். நான்கு மாதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் என் அனுபவத்தில் குறைவு.

ஜூன் முதல் வாரம்: வந்தபோது கண்டவை

அவர் வந்தது எடைக்காக அல்ல, முடிக்காக. ஒரு வாரத்தில் கொட்டிய முடியை உருட்டி பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கவரை மேசைமேல் வைத்து, “இது ஒரு வாரத்துது மட்டுங்க” என்றார். எலுமிச்சம்பழம் அளவு இருந்தது.

அடுத்த புகார், எடை ஒரு மாதமாக 65 கிலோவிலேயே நிற்கிறது, அசையவில்லை என்பது. இன்னும் ஐந்து கிலோ குறைய வேண்டுமாம். அதற்காக விரதத்தை 18 மணி நேரமாக்கலாமா என்று கேட்டார்.

பலவீனத்தைப் பற்றி அவராக எதுவும் சொல்லவில்லை. பேசி முடித்து எழும்போதுதான் கவனித்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, ஒரு மூச்சு பிடித்து எழுந்தார். 46 வயதில் அப்படி எழ வேண்டியதில்லை. திரும்ப உட்கார வைத்துக் கேட்டேன். தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடிவதில்லை, கம்பெனிக் கழிப்பறையில் குந்தி எழுவது சிரமமாக இருக்கிறது, வேலை செய்யும் இடத்தில் ஸ்டூல் கேட்டுத் திட்டு வாங்கியாயிற்று என்று ஒவ்வொன்றாக வந்தது. எடை கூடியிருந்தபோது வலித்த முழங்கால் இப்போது வலிக்கவில்லை. ஆனால் தொடை தாங்கவில்லை. அதை அவர் வயதின் கணக்கில் எழுதி வைத்திருந்தார்.

கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தோம். ஒன்பது முறை. 60 முதல் 64 வயது வரை உள்ள பெண்களுக்கே 12க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு என்று கொள்வார்கள். கைப்பிடி பலம் 19 கிலோ. ஆசியப் பெண்களுக்கு 18க்குக் கீழே வந்தால் தசைக்குறைவு உண்டா என்று தேட வேண்டும். அந்தக் கோட்டுக்கு ஒரு கிலோ மேலே நின்றார். இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., இருக்க வேண்டியது 80க்குள். எடை 65.2.

அவர் இழந்த ஒன்பது கிலோவில் எத்தனை கிலோ கொழுப்பு, எத்தனை கிலோ தசை என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது. ஜனவரியில் எதையும் அளக்கவில்லை, கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கவும் இல்லை. கையில் பிடித்தால் கொழுப்புச் சதவீதம் காட்டும் கருவி எங்களிடம் உண்டு. குடித்த தண்ணீருக்கேற்ப அது மாற்றிச் சொல்லும் என்பதால் இதற்கு நான் நம்புவதில்லை.

சாப்பாட்டை எழுதிப் பார்த்தது

ஒரு வாரச் சாப்பாட்டை எழுதிவரச் சொன்னேன். மகளின் பழைய ரஃப் நோட்டில் நேரத்தோடு எழுதிக்கொண்டு வந்தார். எனக்கு இந்த ஆய்வில் அதிகம் கற்றுக்கொடுத்தது அந்த நோட்டுதான்.

காலை ஐந்துக்கு எழுந்ததும் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும். தேன் விரதத்தை முறிக்காது என்று நினைத்திருந்தார், அது போகட்டும். ஐந்து பேருக்கும் இட்லி, சாம்பார், மூன்று டப்பாவுக்கு மதியச் சாப்பாடு எல்லாம் செய்துவிட்டு, எதையும் வாயில் வைக்காமல் எட்டு மணிக்குக் கம்பெனி வேன். பதினொரு மணி டீ பிரேக்கில் கறுப்பு டீ. ஒரு மணிக்கு டப்பா: சோறு, மேலாகத் தெளிந்த சாம்பார், ஏதோ ஒரு பொரியல். நாலரைக்குப் பால் டீ, இரண்டு பிஸ்கட்.

சாயங்காலத்துக்கு மேல்தான் சிக்கல். ஒன்றரை ஷிப்ட் நாட்களில் வேலை முடிவதே எட்டரை. விதிப்படி எட்டு மணிக்குச் சாப்பாட்டுக் கதவு மூடிவிடுகிறது. ஆகவே ஏழு மணி டீயோடு ஒரு பன், அவ்வளவுதான் இரவுச் சாப்பாடு. வீடியோவில் சொன்னவருக்கு இரவு எட்டரை வரை வேலை இருந்திருக்காது. வாரத்தில் நான்கு நாள் இந்த அம்மா சாப்பிட்டது ஒரே ஒரு வேளை. 16:8 என்று நினைத்துக்கொண்டு அதைவிடக் கடுமையான ஒன்றைச் செய்திருக்கிறார்.

கணக்குப் போட்டேன். சமைத்த சோறு 300 கிராமில் புரதம் எட்டு கிராம் போல. தண்ணீராக ஊற்றிய சாம்பாரில் மூன்று நான்கு. பொரியலில் இரண்டு. இரண்டு டீயின் பாலும் பன்னும் பிஸ்கட்டும் சேர்ந்து பத்து. ஆக 24 கிராம். ஐந்தரைக்கு வீடு திரும்பும் நாட்களில் மூன்று இட்லி, சட்னி சேர்த்தால் 33. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் தந்த அளவு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம், 65 கிலோவுக்கு 54 கிராம். அதுவும் எடை குறைக்காமல் சும்மா இருக்கும் ஆளுக்கு. எடை குறைப்பவர்களை 1.2 கிராம் வரையாவது போகச் சொல்வது வழக்கம், ஏனென்றால் கலோரி குறையும்போது உடம்பு தசையிலும் கை வைக்கும். இவரோ தேவையில் பாதியைத் தொட்டும் தொடாமலும் இருந்தார்.

நோட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே “சிக்கன்” என்று இருந்தது. எத்தனை துண்டு என்று கேட்டேன். யோசித்தார். ஒரு கிலோ எடுத்தால் மாமனாரின் தங்கை வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும். கணவர், மகன், மகள், மாமியார் சாப்பிட்டு, கடைசியில் இவர் உட்காரும்போது குழம்பும் ஒரு எலும்புத் துண்டும். “குழம்புலதான் ருசி இருக்குங்” என்றார்.

எடை ஏன் நின்றது என்பதற்கும் அந்த நோட்டில் பதில் இருந்தது, எழுதாமல் விட்ட இடத்தில். இரவு ஒன்பதேகாலுக்கு வீடு வந்ததும் என்ன செய்வீர்கள் என்று இரண்டாம் முறை கேட்டபோது சொன்னார்: பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றிக் கொடுப்பேன், ஓரத்தில் மீந்ததைப் பிய்த்து வாயில் போடுவேன், கோடை விடுமுறைக்குச் சுட்ட முறுக்கு டின் அடுப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடாததால் அது சாப்பாட்டில் சேரவில்லை. பகலெல்லாம் அடக்கிய பசி அது, குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரத்தப் பரிசோதனை

முடி கொட்டுவதை உடனே புரதத்தின் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை. எங்கள் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதனை எழுதினோம். ஹீமோகுளோபின் 10.4, பெண்களுக்கு 12க்குக் கீழே ரத்தசோகை. ஃபெரிட்டின் 9, அதாவது இரும்புச்சத்தின் சேமிப்பு காலி. தைராய்டு சரி. கிரியாட்டினின் சரி, புரதத்தைக் கூட்டும் முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். எச்.பி.ஏ.1சி 5.9. இந்தக் கடைசி எண்ணை அப்படியே நம்ப முடியாது, இரும்புச்சத்துக் குறைவு அதை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்.

மாதவிலக்கு ஒரு வருடமாகவே அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெண்கள் மருத்துவரிடம் அனுப்பினோம்; அந்தச் சிகிச்சை தனியாக நடந்தது. இரும்பு மாத்திரை தொடங்கப்பட்டது, டீக்குப் பக்கத்தில் போடக் கூடாது என்ற எச்சரிக்கையோடு.

ஆக முடி கொட்டியதற்கு இரண்டு காரணங்கள்: இரும்புச்சத்து இல்லாமை, வேகமாகக் குறைந்த எடை. வேகமாக எடை குறைந்த இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்தாக உதிர்வது தெரிந்த விஷயம், பெரும்பாலும் தானே திரும்ப வளரும். தொடை பலவீனத்தில் புரதத்துக்கு எவ்வளவு பங்கு, ரத்தசோகைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை.

சர்க்கரை மாத்திரை எதுவும் அவர் எடுக்கவில்லை. அது அவர் அதிர்ஷ்டம். கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், மருத்துவரிடம் சொல்லாமல் காலைச் சாப்பாட்டை நிறுத்தினால் பதினொரு மணிக்குச் சர்க்கரை கீழே இறங்கி மயங்கி விழலாம். விரதம் என்று யார் வாயைத் திறந்தாலும் நான் முதலில் கேட்பது மாத்திரைச் சீட்டைத்தான்.

முதல் முடிவு, அது தோற்ற விதம்

விரதத்தை விடமாட்டேன் என்றார். நடைப்பயிற்சி, கோதுமை, கிரீன் டீ என்று பத்து வருடம் எதுவும் கேட்காத உடம்பு இதற்குத்தான் கேட்டது. அதைப் பிடுங்கிக்கொண்டால் என்னிடம் திரும்பி வரமாட்டார் என்று எனக்கும் பட்டது. எனவே 12 முதல் 8 வரை என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் புரதத்தை ஏற்ற முடிவு செய்தேன். மதிய டப்பாவில் இரண்டு அவித்த முட்டை, 40 கிராம் மீல்மேக்கர், ஒரு கப் தயிர். தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கூட்டினால் 60 கிராமைத் தொட்டது.

மூன்று வாரம் கழித்து வந்தபோது உண்மையான அளவு 40ஐக்கூடத் தாண்டவில்லை. அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் பாதி கை கழுவும் வரிசையில் போகிறது. காலை ஆறு மணிக்கு அவித்து மூடிய முட்டை, ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்ததும் வாடை அடிக்கிறது. பக்கத்தில் உட்காருபவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று இரண்டாம் நாளே மகன் தட்டுக்கு மாறிவிட்டது. அவ்வளவு மீல்மேக்கரை ஒரேயடியாகத் தொடங்கியதில் வயிறு உப்பி, மேசை அருகே நிற்க முடியாமல் போயிருக்கிறது. தயிர் மட்டும் தங்கியது.

தவறு என்னுடையது. அவருடைய ஷிப்ட் நேரத்தைத் தெரிந்துகொண்டே, அதோடு மோதும் நேரத்துக்குள் சாப்பாட்டைத் திணித்தேன்.

இரண்டாம் முடிவு

ஜூன் கடைசியில் நேரத்தை மாற்றினோம். காலை ஏழரைக்கு முதல் சாப்பாடு, இரவு ஏழு மணிக்குக் கடைசி. அதன் பின் வாயைக் கட்ட வேண்டும், தோசை ஓரம் உட்பட. அதாவது பன்னிரண்டரை மணி நேர விரதம்.

“இதை விரதம்னு சொல்லலாமுங்களா?” என்று கேட்டார். சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

ஏன் 16 மணி நேரத்தை விட்டுக்கொடுத்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. 2020இல் அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஒரு ஆய்வில், பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டவர்கள் சராசரியாக 0.94 கிலோ குறைந்தார்கள், வழக்கம்போல் மூன்று வேளை சாப்பிட்டவர்கள் 0.68 கிலோ. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஒரு பகுதியினர் இழந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத எடை. 2022இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் தொடர்ந்தார்கள். இரு குழுவுக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு. ஒரு குழு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை சாப்பிட்டது. அவர்கள் 8 கிலோ, மற்றவர்கள் 6.3 கிலோ, இதுவும் தற்செயலாக வரக்கூடிய வித்தியாசத்துக்குள்தான் என்று முடித்தார்கள். ஆகவே எடையைக் குறைத்தது கடிகாரம் அல்ல, குறைவாகச் சாப்பிட்டதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கடிகாரம் சிலருக்குக் குறைவாகச் சாப்பிட உதவுகிறது, சரி. இவருக்கு அது காலைச் சாப்பாட்டையும் இரவுச் சாப்பாட்டையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

புரதத்தை நான்கு இடத்தில் பிரித்தோம். காலையில் இரண்டு முட்டையும் இரண்டு இட்லியும் கெட்டிச் சாம்பாரும், 20 கிராம் வரும். தனியாக அவிக்க நேரமில்லை என்றார். இட்லித் தட்டுக்கு அடியில் கொதிக்கும் தண்ணீரிலேயே முட்டையைப் போட்டுவிடுங்கள், இட்லி வேகும் நேரத்தில் அதுவும் வெந்துவிடும் என்றேன். மறுநாளே மாமியார் தடுத்துவிட்டார்: சாமிக்குப் படைக்கிற இட்லிக் கொப்பரையில் முட்டையா? பரணிலிருந்து ஒரு பழைய குண்டானை இறக்கி, அதற்கென்று ஒதுக்கினார்கள். வெள்ளி, சனியில் முட்டைக்குப் பதில் பச்சைப்பயறு தோசை.

மதியத்துக்கு நான் எதையும் புதிதாகக் கொண்டுவரவில்லை. கொங்கு வீடுகளில் வாரத்துக்கு மூன்று நாள் அரிசிம்பருப்புச் சாதம் உண்டு. அவர் ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றுக்கு ஒன்று போட்டுப் பார்த்ததில் குழைந்து களியாகி, பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள். அரைக்கு மேல் ஏற்றி, கடைசியில் முக்கால் டம்ளரில் நின்றது. சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் கொஞ்சம் கூட்டினால் வித்தியாசம் தெரியவில்லை என்றார். புரதத்தின் கூறுகளில் அரிசியில் குறையும் லைசினைப் பருப்பு தரும், பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி தரும். நம் பாட்டிமார்கள் பெயர் தெரியாமலே சேர்த்து வைத்த ஜோடி. மற்ற நாட்களில் கொள்ளுப் பருப்புக் கடைசல். மீல்மேக்கரை 15 கிராமாகக் குறைத்தோம், வயிறு ஏற்றுக்கொண்டது. தயிர் தொடர்ந்தது. இதில் 27 கிராம்.

நாலரைக்குப் பிஸ்கட் போய், ஒரு கைப்பிடி வறுத்த கடலை வந்தது. ஏழு மணி டீ பிரேக்குக்கு இரண்டாவது டப்பா: கொள்ளுச் சுண்டல், ஒரு பாட்டில் மோர். ஆக ஒரு நாளைக்கு 65 கிராம் போல, கிலோவுக்கு ஒரு கிராம். 1.2க்குப் போக நான் முயலவில்லை, முயன்று ஒரு முறை தோற்றாயிற்று.

இடையில் கம்பெனியில் ஒருவர் புரதப் பவுடர் டப்பா விற்க வந்திருக்கிறார். ஒரு டப்பாவுக்குக் கேட்ட விலையில் அந்த வீட்டுக்கு மாதம் முழுக்க முட்டை வாங்கலாம். வேண்டாம் என்றேன். அவசியமான ஆட்களுக்கு நானே பவுடர் எழுதுவதுண்டு. இவருக்கு அடுப்படியிலேயே எல்லாம் இருந்தது, அவர் தட்டுக்குத்தான் வரவில்லை.

வீட்டுப் பந்தி

ஜூலையில் கணவரையும் அழைத்துவரச் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் நெடுநேரம் விரலை வைத்திருந்தார். “தெனமும் ஒண்ணாத்தானுங்க இருக்கோம், நா இத பாத்ததே இல்லீங்க” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. அடுத்த ஞாயிறு முதல், பரிமாறும் முன்பே இவர் பங்கை ஒரு சிறிய சம்புடத்தில் எடுத்து மூடி வைத்துவிடுவது என்று ஏற்பாடு. எடுத்து வைப்பது மகள் வேலை. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

பயிற்சி

வாரத்தில் மூன்று நாள், பதினைந்து நிமிடம். கையூன்றாமல் நாற்காலியில் எழுந்து உட்காருவது, பத்துப் பத்தாக மூன்று முறை. சமையல் மேடையைப் பிடித்துச் சாய்ந்த தண்டால். தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் இரண்டையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பது. நின்றே வேலை செய்பவருக்கு எதற்குப் பயிற்சி என்று கேட்டார். நிற்பதில் தசை வளராது, சுமை ஏற வேண்டும் என்று சொன்னேன். புரதம் மட்டும் சாப்பிட்டுச் சும்மா இருந்தாலும் தசை பெரிதாகத் திரும்பாது.

எடை ஏறியது

ஆகஸ்ட் நடுவில் 66.4 கிலோ. கோபமாக வந்தார். “ஏனுங் மேடம், காசும் குடுத்து ஒண்ணேகால் கிலோவும் ஏத்திக்கிட்டேன்.” இடுப்பு 90இலிருந்து 88.5க்கு இறங்கியிருந்ததையும், நாற்காலிக் கணக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டாகியிருந்ததையும் காட்டினேன். எடை ஏறியதில் சாப்பாடு திரும்பியதால் உடம்பில் தங்கும் தண்ணீரும் உண்டு, கொஞ்சம் தசையும் இருக்கலாம் என்றேன். அவர் பார்த்தது தராசை மட்டும்தான். அடுத்த முறைக்கு வரவில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் தானாகத் திரும்பி வந்தார். இடையில் பழையபடி 16:8க்குப் போயிருக்கிறார். எட்டாம் நாள் பதினொரு மணிக்குக் கண் இருட்டி, துணிக் கட்டுமேல் உட்கார்ந்துவிட்டார். அதைச் சொல்லிவிட்டு, “காலையில சாப்புட்டுப் பழகிட்டனுங்” என்றார். எடை ஏறலாம் என்று ஜூனிலேயே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால் இந்தப் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

புரட்டாசியும் தீபாவளியும்

செப்டம்பர் 17 முதல் ஒரு மாதம் புரட்டாசி. வீட்டில் முட்டை, கறி இல்லை. பச்சைப்பயறு தோசை தினமும் என்றாகி இரண்டாம் வாரம் சலித்துவிட்டது, அடைக்கு மாறினோம். 55 கிராமுக்கு இறங்கியது, போகட்டும் என்று விட்டேன். அதை ஒட்டித் தீபாவளி நெருக்கடி, இரவு பதினொரு மணி வரை வேலை. மூன்று வாரம் பயிற்சி எதுவும் நடக்கவில்லை.

தீபாவளி முடிந்ததும் கந்த சஷ்டி ஆறு நாள் விரதம் இருக்க வேண்டும் என்றார். மகனின் படிப்புக்கு வேண்டுதல். இது எடைக்கான விரதம் அல்ல, நான் தலையிட இடமில்லை. காலையில் ஒரு டம்ளர் பால், மதியம் பழமும் தயிரும், இரவு பாலும் நிலக்கடலையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆறு நாளில் ஒன்றரைக் கிலோ குறைந்து, அடுத்த பத்து நாளில் ஒரு கிலோ திரும்பியது. அப்போது அவர் பதறவில்லை.

நவம்பர் இறுதி

எடை 63.4. ஆறு மாதத்தில் இரண்டு கிலோவுக்கும் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறது. முன்பு பதினான்கு வாரத்தில் ஒன்பது. இடுப்பு 84, ஆறு செ.மீ. குறைவு. நாற்காலி 15 முறை. கைப்பிடி 22 கிலோ. ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் இன்னும் தேற வேண்டியிருக்கிறது. எச்.பி.ஏ.1சி 5.7. முடி கொட்டுவது அக்டோபரிலேயே குறைந்துவிட்டது. அதில் மாத்திரைக்கே பெரும்பங்கு என்று நினைக்கிறேன். சுவரைப் பிடிக்காமல் தரையிலிருந்து எழுகிறார். ஸ்டூல் கேட்பதில்லை.

இத்தனை நாள் ஒன்றாகச் செய்ததால் எது எதைத் தந்தது என்று பிரிக்க முடியாது: நேரம், புரதம், இரும்பு, பயிற்சி நான்கும் கலந்தே நடந்தன. ஒரு ஆளை வைத்து அதற்கு மேல் சொல்லக் கூடாது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

எடை குறைந்துவிட்டது என்று மகிழ்ந்து வருபவரிடம் இடுப்பும் நாற்காலிக் கணக்கும் முதல் நாளே பார்ப்பதை இப்போது வழக்கமாக்கிவிட்டேன். அன்று நான் பார்த்தது அவர் எழுந்த விதத்தைத் தற்செயலாகக் கவனித்ததால்தான். சாப்பாட்டை எழுதச் சொல்லும் முன் வேலை நேரத்தை எழுதச் சொல்கிறேன். மாதவிலக்கைப் பற்றி அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருப்பதில்லை. பயறு, மீல்மேக்கர் எதுவானாலும் ஒரு கரண்டியில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டுகிறேன். பரிமாறுபவர் யார், கடைசியில் உட்காருபவர் யார் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் கணவரை அழைக்க ஒரு மாதம் தாமதித்தேன்.

பயறுக்கும் முட்டைக்கும் மெனக்கெட்ட அளவு பயிற்சிக்கு நான் மெனக்கெடவில்லை. தீபாவளி நெருக்கடி வரும் என்று திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று வாரத்துக்கென்று, டீ பிரேக்கில் செய்யும்படி ஐந்து நிமிடப் பயிற்சி ஒன்றைச் செப்டம்பரிலேயே எழுதிக் கொடுத்திருக்கலாம்.

அடுத்த பரிசோதனை தைப்பொங்கல் கழிந்து. 18 மணி நேர விரதத்தைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. செக்கிங் மேசையில் இன்னும் மூன்று பெண்கள் 16:8இல் இருக்கிறார்களாம். அவர்களில் ஒருவர் சர்க்கரை மாத்திரை எடுப்பவர் என்று போகும்போது சொன்னார். மாத்திரைச் சீட்டோடு அந்த வாரமே அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.